பழைய படமும் புதிய தட்டும்

"அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஒரே மங்கல், யாரோ வருகிறார்கள், போகிறார்கள். பாதியில் தூக்கம் வந்துவிட்டது" என்று நம்மிடம் குறைப்பட்டுக் கொள்ளும் நண்பர்கள் பலர். உலகப் புகழ் பெற்ற பழைய பிறநாட்டுப் படம் எதையாவது நாம் சிபார்சு செய்திருப்போம். அந்தப் பாவத்துக்குத்தான் இந்த அர்ச்சனை.

இப்படிச் சொல்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் பார்த்தது படத்தையா, படத்தின் நகலின் நகலின் நகலையா?"

கேள்வியைக் கேட்டதும் அவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு எதிலும் திருத்தம் போடுகிற வியாதி உண்டு என்று எண்ணிக்கொள்வார்கள் போலும். அந்த வியாதி நமக்கு உண்டு என்பது வாஸ்தவந்தான். ஆனால் இந்த விஷயத்தில் அது வந்த கதை வேறு. அதைச் சொல்லிவிடுகிறோம்.

1952-ஆம் வருஷத்து ஆரம்பத்தில் பம்பாயில் தொடங்கிய நமது நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா, பிறகு சென்னைக்கும் வந்தது. அப்போது சென்னையில் குமாஸ்தாவாக இருந்த நம் தாத்தா, ஒரு நாள் மாலை, இத்தாலி தேசத்து விட்டோரியோ டி ஸிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்ற படத்தைப் பார்த்தார். 1948-ல் வெளிவந்த படம் அது. யுத்தம் முடிந்த ரோமாபுரியில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்குச் சைக்கிள் வேண்டும்; சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போய்விடுகிறது. அப்பனும் சிறு பையனுமாக நகரம் முழுதும் தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையைத் தாத்தா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் குரல் தாழும். "அந்த விரிப்பு மூட்டையை வாங்கிக்கொண்டு கடைக்காரன் ஏறுவான், பார். ஏறிக்கொண்டே இருப்பான். மேலே மேலே எல்லாம் மூட்டை. ஊரில் இருக்கிறவன் அத்தனை பேரும் விரிப்பை அடகு வைத்துவிட்டுத் தரையில் படுக்கிறான் என்று அப்போது தெரியும்" என்பார்.

2009-ஆம் வருஷம் நாம் ஒரு கடையில் இந்தப் படத்தின் டிவிடி தட்டைக் கண்டோம். விலை மலிவு. அட்டையில் படமும் எழுத்தும் பிரமாதம். தாத்தாவுக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. வீட்டில் புதிதாக வாங்கிய அகலமான டெலிவிஷன் பெட்டி. எல்லாரும் கூடி உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தது. "காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் பாதி வீணாகிறதே!" என்று அக்காள் மகன் ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். படம் திரை முழுதும் பரவிற்று. அனைவருக்கும் பரம திருப்தி.

அடகுக் கடைக் காட்சி வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அதன்மேல் ஒருவன் ஏறினான், காட்சி மாறிவிட்டது. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூட்டையெல்லாம் எங்கே?" என்றார். நாம் திருப்பிப் போட்டோம். மறுபடியும் சாம்பல் சுவர். "மூட்டை இருந்ததடா. நான் பார்த்தேனே" என்றார். நாமெல்லோரும் ஒருவரை யொருவர் பார்த்துக்கொண்டோம். ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன் பார்த்தது, வயதாகிவிட்டது, பாவம், எதையோ எதனுடனோ சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டோம். அவரும் அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார்.

நிற்க. இந்த நகல் விவகாரத்தைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்குவது எளிது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் எத்தனை ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைந்தார், எத்தனை பாட பேதங்களை ஒப்பு நோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது ஒவ்வொரு கையும் ஒரு பிழையைச் சேர்க்கிறது. செல்லரித்த இடம் அடுத்த பிரதியில் வெற்றிடமாகிறது. அதற்கடுத்த பிரதியில் அந்த வெற்றிடமும் இல்லாமற் போய், இரண்டு அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

சினிமாவின் கதியும் இதுவே. காமிராவுக்குள் ஓடிய மூல நெகடிவ் ஒன்று. அதிலிருந்து ஒரு பாஸிடிவ், அதிலிருந்து மறு நெகடிவ், அதிலிருந்து கொட்டகைக்குப் போகும் பிரதி. அந்தப் பிரதி நூறு ஊர் சுற்றிக் கீறல் பட்டு வந்த பின், அதைச் சுருக்கி 16 மில்லிமீட்டர்ப் பிரதி எடுப்பார்கள். அதை எப்போதோ ஒருவர் வீடியோ கேசட்டில் பதிவு செய்திருப்பார். கடைசியில் ஒரு புண்ணியவான் அந்தக் கேசட்டைத் தட்டாக்கி விற்பார். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வெளுப்பு மேலும் வெளுக்கிறது, கறுப்பு மேலும் கறுக்கிறது. நம் தாத்தா கொட்டகையில் கண்டது இரண்டாவது மூன்றாவது தலைமுறை. நாம் அவருக்குக் காட்டியது எத்தனையாவது தலைமுறையோ!

ஆகவே தட்டு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்பதுதான். 'புளூ-ரே' என்று அட்டையில் போட்டிருந்தால் போதாது. டிவிடி தட்டின் பிம்பத்தில், நமது நாட்டு முறைப்படி, 720 புள்ளிகள் குறுக்கிலும் 576 புள்ளிகள் நெடுக்கிலும் உண்டு. 2006-ல் வந்த புளூ-ரேயில் இவை 1920, 1080. 2016-ல் வந்த அடுத்த ரகத்தில் 3840, 2160. பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போகிறது, உண்மை. ஆனால் பெரிய அண்டாவில் ஊற்றிவிட்டால் தண்ணீர் கலந்த பால் கெட்டியாகிவிடாது. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த புளூ-ரேயைக் காட்டிலும், மூல நெகடிவிலிருந்து சிரத்தையாக எடுத்த பழைய டிவிடி எவ்வளவோ மேல். நேர்மையான பதிப்பாளர்கள் எதிலிருந்து எடுத்தோம், யார் செப்பனிட்டார்கள் என்று உள்ளே ஒரு சிறு புத்தகத்திலோ படத்தின் ஆரம்பத்திலோ எழுதிவிடுவார்கள். எழுதாதவர்களைப் பற்றி நமக்குச் சந்தேகம் வருவது நியாயமே.

ஏடு தேடிய கதை என்றால் 'மெட்ரோபோலிஸ்' படத்தின் கதையைச் சொல்லாமலிருக்க முடியாது. ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த இந்த ஊமைப் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் முதன் முதலாகக் காட்டப்பட்டபோது 4189 மீட்டர் நீளம் இருந்தது. அமெரிக்காவில் காட்டுவதற்காக ஒரு வெட்டு. ஜெர்மனியிலேயே மறு தடவை ஒரு வெட்டு. ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. சில பாத்திரங்கள் ஏன் வருகிறார்கள், ஏன் போகிறார்கள் என்றே புரியாமல் எண்பது வருஷம் உலகம் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2008-ல் ஆர்ஜென்டினா தேசத்தின் தலைநகரான புவனோஸ் அயர்ஸில், திரைப்படப் பொருட்காட்சிசாலையில், ஒரு 16 மில்லிமீட்டர் நெகடிவ் அகப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால், தொலைந்துபோன ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம் அதில் இருந்தது! 2010 பிப்ரவரியில் பெர்லினில் அதைச் சேர்த்துக் காட்டினார்கள்.

இந்தப் பதிப்பைத் தட்டில் பார்ப்பவர்கள் சில காட்சிகளில் திடுக்கிடுவார்கள். தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று மழையில் நனைந்தாற்போல் கீறல் மயமாகும். பிம்பமும் ஓரத்தில் சற்றுக் குறைந்து அங்கே கறுப்புப் பட்டை தெரியும். 35 மில்லிமீட்டர்ப் பிரதியைச் சிறியதாகப் படம் பிடித்தபோது அதன் அழுக்கையும் கீறலையும் துடைக்காமல் அப்படியே பிடித்துவிட்டார்கள். ஆகையால் கீறல் பிலிமின்மேல் இல்லை, பிம்பத்துக்குள்ளேயே இருக்கிறது. செப்பனிட்டவர்கள் முடிந்த மட்டும் துடைத்தார்கள், முடியாததை மறைக்கவில்லை. இன்னும் அகப்படாத இரண்டொரு காட்சிகளுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டு, இங்கே இன்னது இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஐயரவர்கள் விடுபட்ட இடத்தில் புள்ளி வைத்த நேர்மை இதுவே. இந்தக் கீறலைப் பார்த்து "தட்டு மோசம்" என்று யாராவது திருப்பிக் கொடுத்தால், அவருக்கு நாம் சிபார்சு செய்யப் போவதில்லை.

எல்லாக் குறையும் கீறலாகத் தெரிவதில்லை. கண்ணுக்கே தெரியாமல் கதையைக் கெடுக்கும் குறைகளும் உண்டு. முர்னௌ என்பவர் 1922-ல் எடுத்த 'நாஸ்பெராட்டு' என்ற பேய்ப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய வெளிச்சம் பட்டால் அந்தப் பேய் மாண்டுவிடும் என்பதுதான் கதையின் முடிச்சு. மலிவுத் தட்டுகளில் பார்த்தாலோ, பேய் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு பட்டப்பகலில் தெருவோடு நடந்து போகிறது! சிரிக்காமல் என்ன செய்வது? விஷயம் என்னவென்றால், அக்காலத்தில் இரவுக் காட்சியையும் பகலிலேயே எடுத்து, கொட்டகைப் பிரதியில் நீலச் சாயம் ஏற்றிவிடுவார்கள். நீலம் என்றால் இரவு. மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம். பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்ததால், படத்திலிருந்து இரவே காணாமற் போய்விட்டது. 'டிராகுலா' கதையை அனுமதியின்றி எடுத்தார்கள் என்று 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் இந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லியது. அதற்குத் தப்பிப் பிழைத்த படம், சாயம் போட மறந்தவர்களிடம் அகப்பட்டுக்கொண்டது.

வேகமும் இப்படித்தான். சினிமா பிலிம் வினாடிக்கு 24 பிம்பம் வீதம் ஓடுவது. நமது நாட்டிலும் ஐரோப்பாவிலும் வழங்கிவந்த டெலிவிஷன் முறைக்கு 25 பிம்பம் வேண்டும். என்ன செய்வார்கள்? படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 89 நிமிஷப் படம் 85 நிமிஷத்தில் முடிந்துவிடும். நாலு நிமிஷத்தை எவனோ வெட்டிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை; வெட்டு ஒன்றும் இராது. ஆனால் சுருதி, அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். கச்சேரி கேட்டுப் பழகிய நம்மவர் காதுக்கு இது தெரியாமலிராது. புளூ-ரேயில் 24-ஐ 24 ஆகவே பதிய வழி இருக்கிறபடியால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

பேசாப் படக் காலத்தில் வேகத்துக்குத் திட்டமே கிடையாது. காமிராவைக் கையால் சுற்றினார்கள். டென்மார்க் தேசத்து டிரையர் 1928-ல் பிரான்ஸில் எடுத்த 'ஜோன் ஆப் ஆர்க்கின் துயரம்' படத்தை வினாடிக்கு 20 பிம்பம் வீதம் ஓட்டினால் 97 நிமிஷம். 24 வீதம் ஓட்டினால் 81 நிமிஷம். எது சரி என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரு பதிப்பாளர் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்! அந்தப் பெண்ணின் கண்ணீர் கன்னத்தில் இறங்கும் காட்சிகளை நாம் இரண்டு வேகத்திலும் பார்த்தோம். நமக்கு 20 தான் பிடித்திருக்கிறது. இந்தப் படத்தின் மூல நெகடிவ் தீயில் போய், டிரையர் மிஞ்சிய துண்டுகளை வைத்து மறுபடி உண்டாக்கியதும் தீயில் போய், கடைசியில் 1981-ல் நார்வே தேசத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி அலமாரியில் நல்ல பிரதி ஒன்று அகப்பட்டது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

இனி, தெரிந்தே செய்யப்படும் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் தெரிவது வெள்ளியின் நுண்ணிய துகள்களே. பிம்பமே அந்தத் துகள்கள்தாம். பெரிதாக்கிப் பார்த்தால் மெல்லிய மணல் போல் அவை மின்னிக்கொண்டேயிருக்கும். இதைக் குறை என்று எண்ணிய சில பதிப்பாளர்கள், கம்ப்யூட்டர் கொண்டு அத்தனையையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். மணலோடு முகத்தின் சுருக்கமும், துணியின் நெசவும், சுவரின் காரையும் போய்விடுகின்றன. நடிகர்களெல்லாம் மெழுகுப் பொம்மையாகிவிடுகிறார்கள். மங்கிவிட்டதே என்று பிறகு ஓரங்களைச் சுற்றிக் கோடு இழுத்துக் கூர்மையாக்குவார்கள்; ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சாமி படத்தில் இருப்பது போல் ஒளிவட்டம் தெரியும். நம் கோயில் தூண்களைத் துலக்குகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, சிற்பத்தின் நகக்கண்ணையும் நகையையும் மழுங்கடித்தார்களே, அந்தத் திருப்பணிக்கு இது தம்பி. "எவ்வளவு பளபளப்பு!" என்று விருந்தாளிகள் மெச்சுவார்கள். பளபளப்பைக் கண்டால் நாம் உஷாராகிவிட வேண்டும். கிழவர் முகத்தில் கிழடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அதைவிட நல்ல பரீக்ஷை கிடையாது.

வர்ணப் படங்களில் தகராறு இன்னும் அதிகம். சாயம் வருஷத்துக்கு வருஷம் வெளுக்கிறது. ஆதியில் என்ன நிறம் என்பதற்குச் சாட்சி நினைவுதான். ஹாங்காங் டைரக்டர் வோங் கார் வாய் 2020-ல் தம் பழைய படங்களைப் புதுப்பித்தபோது, நிறத்தைச் சில இடங்களில் தாமே மாற்றினார். ஒரு படத்தின் அகலத்தைக்கூட மாற்றிவிட்டார். ரஸிகர்கள் கொதித்தார்கள். எடுத்தவருக்கு மாற்ற உரிமை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய ரூபத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு மாற்றட்டும்.

அடியில் ஓடும் வசன எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த இத்தாலியப் படத்தின் பெயரில் 'திருடர்கள்' என்று பன்மைதான் இருக்கிறது. அமெரிக்காவில் அதை 'சைக்கிள் திருடன்' என்று ஒருமையாக்கி வெளியிட்டார்கள். படத்தின் முடிவைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பன்மையில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்பது தெரியும். பெயரிலேயே இப்படியென்றால், உள்ளே எத்தனை இடத்தில் என்னென்ன நடந்திருக்குமோ!

இவ்வளவும் மேல்நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 1950-ல் லண்டனில் இந்தச் 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்துவிட்டுத்தான், தாமும் இப்படியொரு படம் எடுப்பது என்று நிச்சயித்தார் சத்யஜித் ராய். அவருடைய அபு படங்கள் மூன்றின் நெகடிவ்களும் 1993-ல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் நேர்ந்த தீயில் வெந்தன. சுருண்டு கருகிய சுருள்களை யாரும் எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள். வருஷங்கள் கழித்து, இத்தாலியிலுள்ள பொலோனா நகரத்தில் அவற்றை ஈரம் ஏற்றி விரித்து, ஓரங்களைக் கையால் ஒட்டி, பிழைத்த பாகத்தைப் பிம்பம் பிம்பமாக எடுத்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த வெந்த நெகடிவிலிருந்தே மீண்டது; மிச்சத்தை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015-ல் மூன்று படங்களும் வெளிவந்தன. நமது தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் வருஷத்துக் 'காளிதாஸ்' படத்துக்கோ, வெந்த சுருள்கூட மிஞ்சவில்லை. தட்டு நல்லதா கெட்டதா என்று சர்ச்சை செய்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டியிருக்கிறது.

2016-ல் நமக்கு 'சைக்கிள் திருடர்கள்' புளூ-ரே தட்டு ஒன்று கிடைத்தது. பழைய டிவிடியைக் காட்டிலும் பல மடங்கு விலை. இம்முறை நாமே ரிமோட்டை எடுத்து, படம் எடுத்தபோது இருந்த வடிவத்துக்குத் திருப்பினோம். பழைய படத்தின் உயரம் ஒன்றென்றால் அகலம் 1.37, புது டெலிவிஷனில் அகலம் 1.78. திரையை நிரப்ப வேண்டுமென்று படத்தைப் பெரிதாக்கினால், மேலும் கீழுமாக உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது. அன்று அக்காள் மகன் அழுத்தியது அந்தப் பொத்தானைத்தான். மங்கல் பிரதி பாதியை விழுங்கிற்று. மீதியை நாம் விழுங்கினோம்.

அடகுக் கடைக் காட்சி வந்தது. மனைவி கொண்டுவந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிப்பந்தி நடக்கிறான். அலமாரித் தட்டுகளில் கால் வைத்து ஏறுகிறான். காமிரா அவனோடு நிமிர்கிறது. வரிசை வரிசையாக, முடிச்சு முடிச்சாக, வெள்ளை மூட்டைகள், இன்னும் மேலே ஏறுகிறான், அங்கேயும் மூட்டைகள், கூரை வரையில் மூட்டைகள். ஒவ்வொரு முடிச்சும் தனித் தனியாகத் தெரிகிறது.

நாம் படத்தை நிறுத்தினோம். அக்காள் மகன் அதற்குள் கல்லூரி முடித்திருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. பாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"அன்றைக்கே சொன்னாரே!" என்றாள்.